துப்புரவுத் தொழிலின் வரலாற்றை விக்கிப்பீடியாவில் எழுத: கொழும்பில் கிடைக்கும் சேவைகள் பற்றிய மதிப்பீடு

தமிழ் விக்கிப்பீடியாவையும், அதில் எழுதுபவருக்குக் கொழும்பில் கைகொடுக்கும் நூலகங்களையும் ஆவணக் காப்பகத்தையும் ஒரு குறிப்பிட்ட வேலையை முன்வைத்து இங்கே மதிப்பிட விரும்புகிறேன். கக்கூஸ் வாளி சுமந்தவர்கள், தெருக் கூட்டியவர்கள், குப்பை வண்டி தள்ளியவர்கள், வடிகாலுக்குள் இறங்கியவர்கள் ஆகியோரின் கடந்த காலத்தைத் தேடிக் கலைக்களஞ்சியக் கட்டுரைகளில் சேர்ப்பதும், ஏற்கனவே உள்ள கட்டுரைகளைச் சான்றுகளோடு திருத்துவதுமே அந்த வேலை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளைச் சேர்ந்த சிலர் ஓய்வு நாட்களில் கூடி இதைச் செய்துவருகிறோம். ஆசிரியர்கள், வங்கி ஊழியர், பல்கலைக்கழக மாணவர்கள், நகரசுத்தித் தொழிலாளரின் பிள்ளைகள் எனப் பல தரப்பினர் எங்களில் உண்டு. ஆகவே ஒரு சேவை விரைவாக இயங்குகிறதா, வசதியாக இருக்கிறதா என்பவற்றைவிட, அது எங்களை வேலையைச் செய்த மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்ற கேள்வியை வைத்தே ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கேள்வி ஏன் முதன்மையானது என்பதை முதலில் சொல்ல வேண்டும். கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் உருவானது. 1880களில் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து நகருக்குக் குழாய் நீர் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டன. 1914இல் பிளேக் நோய் நகருக்குள் புகுந்தது. 1921இல் ஸ்கொட்லாந்து நகரத் திட்டமிடலாளர் பட்ரிக் கெடிஸ் கொழும்பின் நகர அமைப்புக்கான முதனிலை அறிக்கையை எழுதினார். இந்த நிகழ்வுகளை எழுத விரும்புபவருக்கு ஆண்டுகளும் பெயர்களும் அதிகம் தேடாமலே கிடைக்கின்றன. ஆனால் குழாய் சென்றடையாத வீடுகளில் வாளிக் கக்கூஸே நெடுங்காலம் இருந்தது. வீட்டின் பின்சுவரில் ஒரு சிறு கதவு. அதற்கு வெளியே ஒடுங்கிய சந்து. ஊர் விழிக்கும் முன் அந்தக் கதவைத் திறந்து, நிறைந்த வாளியை வெளியே இழுத்து வண்டியில் கொட்டி, வெறும் வாளியை உள்ளே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் ஒருவர். நகரத்தின் சுகாதாரம் அந்த ஒருவரில் தங்கியிருந்தது. தென்னிந்தியாவின் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து, குறிப்பாக அருந்ததியரிலிருந்து, பலர் இவ்வேலைக்கென்றே இலங்கையின் நகரங்களுக்குக் கொண்டுவரப்பட்டு, நகர நிர்வாகங்கள் கட்டிய லயன் (ஒட்டிக் கட்டிய சிறு அறை) வரிசைகளில் குடியமர்த்தப்பட்டார்கள். பொறியாளரின் பெயரும் குழாயின் நீளமும் ஒரு கட்டுரைக்குள் எளிதாக வந்துவிடுகின்றன. வாளியை இழுத்தவர் அவ்வளவு எளிதில் வருவதில்லை. இலண்டனுக்கும் இது பொருந்தும். 1858இல் கழிவால் நிறைந்த தேம்ஸ் ஆறு நகரையே நாறவைத்த ‘பெருநாற்றத்துக்கு’ப் பிறகு அந்நகரின் கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்த ஜோசப் பசல்ஜெட்டுக்குத் தேம்ஸ் ஆற்றங்கரையில் மார்பளவுச் சிலை உண்டு. அந்தக் கால்வாய்களைத் தோண்டியவர்களும், பின்னர் அவற்றுக்குள் இறங்கிச் சுத்தம் செய்தவர்களும் பெரும்பாலும் பெயரில்லாமலே இருக்கிறார்கள்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதன் ஆரம்ப காலத்தில் யாழ்ப்பாணத்தில் பிறந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் ஆற்றிய பணியை இலங்கைத் தமிழர் பெருமையோடு நினைக்கலாம். 2017இல் அதன் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைத் தாண்டியது. இதில் எழுதுவதற்குக் கட்டணமில்லை. வாசிப்பவரை இடைமறிக்க விளம்பரமுமில்லை. எங்கள் தேவைக்கு மிகவும் பயன்பட்டது ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னாலுள்ள ‘வரலாறு’ பக்கம். யார், எப்போது, எந்தச் சொற்றொடரைச் சேர்த்தார் அல்லது நீக்கினார் என்பது அங்கே முழுமையாகப் பதிவாகிறது. ஒரு தகவல் எங்கிருந்து உள்ளே வந்தது என்பதைப் பின்தொடர்ந்து செல்ல முடிகிறது. உரையாடல் பக்கம் அதற்கு அடுத்த பயனுடையது. சர்ச்சைக்குரிய ஒரு தகவலைச் சேர்ப்பதற்கு முன், சான்றை அங்கே வைத்துக் காரணத்தை எழுதிவிட்டால், பின்னர் வருபவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்குவதில்லை. புதியவர்களுக்கு மணல்தொட்டி எனப்படும் சோதனைப் பக்கத்தில் பழகச் சொல்கிறோம். சான்றுகளைப் பொருத்தும் வேலையைக் கைத்தொலைபேசியில் செய்வதைவிடக் கணினியில் செய்வது நல்லது.

இந்தச் சேவையின் இயல்பைத் தீர்மானிப்பது அதன் மெய்யறிதன்மைக் கொள்கை. நம்பகமான, வெளியிடப்பட்ட மூலம் இல்லாத எதையும் கட்டுரையில் வைத்திருக்க முடியாது. எழுதுபவர் தம் சொந்த ஆய்வு முடிவை அங்கே முதன்முதலாக வெளியிடவும் முடியாது. துப்புரவுத் தொழிலாளரைப் பற்றி உணர்ச்சியோடு எழுத வரும் புதியவர் இந்த விதியைக் கண்டு முதலில் மனம் சோர்ந்துபோவார். என் மதிப்பீட்டில் இந்த விதி எங்களுக்குப் பகையன்று. இத்தொழிலாளரின் வாழ்க்கையைக் கேட்க விரும்பாதவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்; சான்றில்லாத பத்தியை அவர்கள் ஒரு நொடியில் நீக்கிவிடலாம். நிர்வாக அறிக்கையின் ஆண்டும் பக்கமும் காட்டி எழுதிய ஒரு வரியை அப்படி நீக்கிவிட முடியாது. ஆகவே இரக்கத்தைச் சொல்லும் நான்கு வாக்கியங்களை விட்டுவிட்டு, கூலி எவ்வளவு, வேலைநேரம் எவ்வளவு, எத்தனை வாளிக்கு ஒருவர், நோயுற்றால் என்ன நடந்தது என்பவற்றைச் சான்றோடு சொல்லும் ஒரு வாக்கியத்தைத் தேடுமாறே குழுவில் சேருபவர்களிடம் கேட்டுக்கொள்கிறோம். ஒரு நுணுக்கம் மட்டும் நினைவில் இருக்க வேண்டும். நிர்வாக அறிக்கை போன்ற முதனிலை மூலத்தை, அதில் உள்ளது உள்ளபடி சொல்வதற்கு மட்டுமே பயன்படுத்தலாம். அந்தக் கூலி போதுமானதா, அது எதைக் காட்டுகிறது என்ற விளக்கத்துக்கு ஒரு வரலாற்றாய்வாளரின் கட்டுரையோ நூலோ வேண்டும். இந்த எல்லையைக் காப்பது சிரமமான வேலை என்றாலும், கட்டுரை நிலைத்து நிற்பது அதனால்தான்.

இந்தக் கொள்கையின் உண்மையான குறை வாய்மொழி மரபில் தெரிகிறது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் வரலாறு, அதைப் பற்றி மற்றவர் எழுதிய தாள்களிலேயே பெரும்பாலும் இருக்கும்; அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்வது பேச்சிலேயே இருக்கும். எங்கள் சந்திப்பு ஒன்றுக்கு வந்திருந்த, மாநகர சபை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், திரையில் இருந்த கட்டுரையை முழுவதும் வாசிக்கக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி தம்பி, இதுல எங்க அப்பா மாதிரி ஆளுங்க எங்க வர்றாங்க?” என்று கேட்டார். தம் தகப்பனார் எந்த நேரம் எழுந்து போவார், வேலை முடிந்து வந்து எங்கே குளிப்பார், எந்தக் கடையில் அவருக்குத் தேநீர் சிரட்டையில் கொடுத்தார்கள் என்று அவர் சொன்னவை எல்லாவற்றையும் கேட்டோம். அவற்றில் ஒன்றைக்கூடக் கட்டுரையில் சேர்க்க முடியவில்லை. இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதன்று. 2011இல் இந்திய ஆய்வாளர் அச்சல் பிரபாலா, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆதரவோடு இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் வாய்மொழிச் சான்றுகளைப் பதிவுசெய்து கட்டுரைகளில் பயன்படுத்திப் பார்க்கும் முயற்சியொன்றை மேற்கொண்டார். அது நல்ல விவாதத்தைக் கிளப்பியபோதும், பொது விதியை மாற்றவில்லை. ஆகவே நேர்காணல்களை முறையாகப் பதிவுசெய்து, சொல்பவரின் சம்மதத்தோடு, ஆசிரியர் குழு உள்ள ஓர் இதழிலோ தொகுப்பிலோ முதலில் வெளியிடுவதே எங்கள் வழி. அதன் பிறகே அது சான்றாகும். இதற்குக் காலம் எடுக்கும். அந்த முதியவரின் வயதில் காலம் எளிதில் கிடைப்பதில்லை என்பது என்னை வருத்துகிறது.

தனிமனிதரைப் பற்றிக் கட்டுரை எழுத, அவரைப் பற்றி நம்பகமான மூலங்கள் போதிய அளவு எழுதியிருக்க வேண்டும் என்ற குறிப்பிடத்தக்கமை விதியும் இதே சுவரில்தான் கொண்டுபோய் விடுகிறது. உலக வரலாற்றில் துப்புரவுத் தொழிலாளரின் பெயர்கள் எப்படி மிஞ்சின என்று பார்த்தால், பெரும்பாலும் மரணத்தாலும் வேலைநிறுத்தத்தாலுமே மிஞ்சியிருக்கின்றன. இடைக்கால இங்கிலாந்தில் மலக்குழிகளைச் சுத்தம் செய்தவர்களில் ரிச்சர்ட் என்ற ஒருவரின் பெயர் இன்றும் சொல்லப்படுகிறதென்றால், 1326இல் அவர் தம் வீட்டு மலக்குழிக்குள் விழுந்து இறந்ததே காரணம். 1968 பெப்ரவரி 1ஆம் திகதி அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மழைக்காகக் குப்பை வண்டியின் பின்பகுதியில் ஒதுங்கிய எக்கோல் கோல், ரொபட் வோக்கர் ஆகிய இருவரையும் வண்டியின் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. அதைத் தொடர்ந்து ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலையை நிறுத்தி, “நான் ஒரு மனிதன்” என்று எழுதிய பதாகைகளை ஏந்தி நடந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக அந்நகருக்கு வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆம் திகதி அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தக் கட்டுரைகளைப் படித்த பிறகு நாங்கள் எடுத்த முடிவு, தனிமனிதரைத் தேடி அலையாமல், தொழிலைப் பற்றியும் குடியிருப்பைப் பற்றியும் ஆட்சேர்ப்பு முறையைப் பற்றியும் கட்டுரைகளை வளர்ப்பது என்பதாகும். மாநகர சபை பற்றிய கட்டுரையில் தொழிலாளர் என்று ஒரு பகுதி, பிளேக் நோய் பற்றிய கட்டுரையில் எலி பிடித்தலும் வீடுகளுக்குக் கிருமிநீக்கம் செய்தலுமான வேலைகளை யார் செய்தார்கள் என்று ஒரு பத்தி என்ற வகையில் சேர்த்துச் செல்லும்போது விதி தடையாக நிற்பதில்லை.

ஆங்கிலக் கட்டுரையைத் தமிழுக்குக் கொண்டுவரும் உள்ளடக்க மொழிபெயர்ப்புக் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தியைப் பத்தியாக அருகருகே வைத்து, சான்றுகளையும் இணைப்புகளையும் தானாகவே நகர்த்தித் தருவது அதன் பலம். இயந்திரம் தரும் தமிழை அப்படியே வெளியிடக் கூடாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிதாக எழுதவேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய கவனம் உள்ளடக்கத்தில் வேண்டும். இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்து வாளி முறையைப் பற்றிய விவரம் இலங்கையின் வாளிக் கக்கூஸைப் புரிந்துகொள்ள உதவும். ஆனால் அங்கே அந்த வேலை பிறப்பால் ஒருவர்மேல் சுமத்தப்பட்டதன்று. சாதியைப் பற்றிப் பேசாத கட்டுரையை மொழிபெயர்த்துத் தமிழ் வாசகரிடம் கொடுத்தால், நம்மூரில் நடந்ததன் உயிர்ப்பகுதியே விடுபட்டுப்போகும். பின்னணிக் கட்டுரைகளுக்கு மட்டும் இந்தக் கருவியைப் பரிந்துரைக்கிறேன்.

எல்லாச் சேவைகளிலும் பலரும் அறியாததும் பெரிதும் உதவியதும் ‘விக்கிப்பீடியா நூலகம்’ என்ற ஏற்பாடு. கணக்குத் தொடங்கி 6 மாதங்களும் மொத்தம் 500 தொகுப்புகளும் (விக்கிப்பீடியாவில் செய்து சேமிக்கும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு தொகுப்பு) கடந்த 30 நாட்களில் 10 தொகுப்புகளும் பூர்த்தியாகி, தடை எதுவும் இல்லாதிருந்தால், தன்னார்வலர் ஒருவர் ஜேஸ்டோர் உள்ளிட்ட பல ஆய்விதழ்த் தளங்களையும் கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் வெளியீடுகளையும் கட்டணமின்றிப் படிக்கலாம். பல்கலைக்கழகத்தோடு தொடர்பில்லாத ஒருவர் கொழும்பிலிருந்து தென்னாசிய நகரங்களின் சுகாதார நிர்வாகம், தொழிலாளர் குடிபெயர்வு, சாதியும் நகரமும் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளைத் தனிப்பட்ட முறையில் பணம் கொடுத்து வாங்கப் புறப்பட்டால் ஒரு மாதச் சம்பளம் போதாது. முதனிலை மூலத்துக்கு விளக்கம் தர ஆய்வாளர் ஒருவர் வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த ஆய்வாளர் இங்கே கிடைக்கிறார். 500 தொகுப்பு என்ற எண் பெரிதாகத் தோன்றலாம். எழுத்துப்பிழை திருத்துவதும் பகுப்புச் சேர்ப்பதும் தொகுப்பாகவே கணக்கிடப்படுவதால், ஒழுங்காக வேலை செய்பவர் சில மாதங்களில் அதை எட்டிவிடுவார். இந்தத் தளங்களில் உள்ளவற்றுள் மிகப் பெரும் பகுதி ஆங்கிலத்தில் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். குழுவில் ஆங்கிலம் நன்கு வாசிப்பவர் ஒருவரும், நல்ல தமிழ் எழுதுபவர் ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து செய்யும்போதே வேலை நன்றாக வருகிறது.

பிலிப் குணவர்த்தன மாவத்தையில் உள்ள தேசிய சுவடிக்கூடம் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஒல்லாந்தர் காலத்திலிருந்து பிரித்தானியர் ஆட்சி முடியும்வரையான அரச ஆவணங்கள் அங்கே உள்ளன; 1885ஆம் ஆண்டு முதல் அச்சகத்தார் தம் வெளியீடுகளை அரசுக்கு ஒப்படைக்கச் சட்டம் இருந்தமையால், நூல்களும் செய்தித்தாள்களும் பெருமளவில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் இங்கே தேடுவதற்குப் பழக்கம் வேண்டும். துப்புரவுத் தொழிலாளர் என்ற தலைப்பில் தேடினால் வெறுங்கையோடு திரும்ப நேரும். காலனித்துவ நிர்வாகம் அவர்களை மனிதர் பட்டியலில் வைக்காமல் செலவுப் பட்டியலில் வைத்தது. நிர்வாக அறிக்கைகள், நீலப் புத்தகங்கள் எனப்படும் ஆண்டுப் புள்ளிவிவரத் தொகுதிகள், சட்டநிரூபண சபையின் ஆவணங்கள், சுகாதார மருத்துவ அதிகாரியின் ஆண்டறிக்கைகள் ஆகியவற்றில் வண்டிகள், மாடுகள், வாளிகள், கிருமிநாசினி என்று செலவு வரிசைப்படும் இடத்துக்குப் பக்கத்தில் கூலியைத் தேட வேண்டும். தொற்றுநோய் பரவிய ஆண்டுகளின் அறிக்கைகள் மற்ற ஆண்டுகளைவிட வளமானவை. நிர்வாகத்துக்கு அச்சம் ஏற்பட்டபோதெல்லாம் அது தொழிலாளரின் குடியிருப்பை எட்டிப் பார்த்திருக்கிறது. 1914ஐயும் அதை அடுத்த சில ஆண்டுகளையும் முதலில் எடுத்துப் பார்ப்பவருக்கு உழைப்பு வீண்போகாது. அமைதியான வாசிப்புக் கூடமும், பொருளைச் சொன்னால் பட்டியலைக் காட்டி வழிநடத்தும் ஊழியர்களும் இந்த இடத்தின் மதிப்பை உயர்த்துகின்றன.

கொழும்பு பொது நூலகத்தின் நிலை வேறு. 1925இல் தோன்றி, 1980 முதல் விகாரமகாதேவி பூங்காவின் அருகே இப்போதைய கட்டடத்தில் இயங்கும் அது, வார இறுதியில் குழுவாகச் சென்று உசாத்துணை நூல்களைப் பார்க்கப் பொருத்தமான இடம். மாநகர சபையின் நூற்றாண்டையொட்டி எச். ஏ. ஜே. ஹுலுகல்ல எழுதி 1965இல் வெளிவந்த நூற்றாண்டு மலர், சபையின் வளர்ச்சியைக் கால வரிசையில் பிடித்துக்கொள்ள உதவும் அடிப்படை நூல். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பைப் பற்றி ஈ. பி. டென்ஹாம் எழுதிய பெரிய நூல், தொழில்வாரியாகவும் பிறந்த இடம்வாரியாகவும் மக்கள் எவ்வாறு எண்ணப்பட்டார்கள் என்பதைக் காட்டுகிறது. இவ்விரண்டும் நிர்வாகத்தின் கண்ணால் நகரைப் பார்க்கும் நூல்கள் என்பதை மறக்காமல் வாசித்தால் பயன் மிகுதி.

தமிழ் மூலங்களுக்கு ‘நூலகம்’ என்ற பெயருடைய நிறுவனத்தின் எண்ணிம நூலகமே முதல் வாசல். 2005 முதல் இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்கள், இதழ்கள், செய்தித்தாள்கள், நினைவு மலர்கள், சிறப்பு மலர்கள் ஆகியவற்றை எண்ணிமமாக்கி எவரும் கட்டணமின்றி வாசிக்கத் தரும் அந்தப் பணிக்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல முடியாது. எங்கள் தேவைக்கு நூல்களைவிட மலர்களே அதிகம் கொடுத்தன. தொழிற்சங்க ஆண்டு மலரிலும் கோயில் கும்பாபிசேக மலரிலும், ஒரு குடியிருப்பு எப்போது தோன்றியது, யார் யார் வாழ்ந்தார்கள் என்ற குறிப்பு எதிர்பாராத பக்கத்தில் கிடைக்கக்கூடும். மலரை விக்கிப்பீடியாவில் சான்றாக வைக்கும்போது யார் வெளியிட்டது, எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்பவற்றைத் தவறாமல் குறிக்க வேண்டும். பழைய தமிழ் இதழ்கள் பல படிமங்களாகவே எண்ணிமமாக்கப்பட்டிருப்பதால், சொல் தேடலை மட்டும் நம்பாமல் பக்கம் பக்கமாகப் புரட்டும் பொறுமை தேவை. 1920களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் கொழும்பில் நடத்திய தேசபக்தன், 1930இல் தொடங்கிய வீரகேசரி ஆகியவற்றின் காலத்தை நோக்கித் தேடுவது பொருத்தம். நகரத்து இந்தியத் தொழிலாளரின் குறைகள் தமிழில் பேசப்பட்ட காலம் அது. 1942இல் தோன்றி இப்போது வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம், தாளில் வாசிக்க விரும்பும் மூத்த தன்னார்வலர்களுக்கு ஏற்றது. சந்திப்புக்கு வருபவர்கள் போக்குவரத்துக்குச் சிரமப்படாத இடத்தில் அது இருப்பதும் எங்களுக்கு உதவியாக இருக்கிறது.

எல்லா இடத்திலும் இதே வரவேற்புக் கிடைக்கவில்லை. நகரிலுள்ள தனியார் சேகரிப்பு ஒன்றில், என்ன தலைப்பில் தேடுகிறோம் என்று சொன்னதும், “அந்த ஆட்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது” என்ற கேள்வியோடு உரையாடல் முடிந்துவிட்டது. கேட்ட நூல் அங்கே இருந்ததா இல்லையா என்பதைக்கூட எங்களால் அறிய முடியவில்லை. அந்த இடத்தின் பெயரைச் சொல்வதால் பயனில்லை. ஆனால் தலைப்பைக் கேட்டதும் முகம் மாறுவது, ஆவணம் இல்லாமைக்கு ஈடான ஒரு தடை என்பதைப் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். குழுவின் இளையவர்களில், தம் பாட்டனார் செய்த வேலையைப் பற்றியே தேட வந்தவர் அந்தக் கேள்வியைத் தனியே கேட்க நேராதபடி, இத்தகைய இடங்களுக்கு இருவராகச் செல்வதை வழக்கமாக்கியிருக்கிறோம்.

படங்களுக்கு, எவரும் ஏற்றவும் பயன்படுத்தவும் கூடிய கோப்புக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகம் உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை பொதுவாக ஆக்கியவரின் வாழ்நாளுக்குப் பின் 70 ஆண்டுகள் நீடிக்கும் என்பதால், பழைய அஞ்சலட்டைப் படங்களை ஏற்றும் முன் எடுத்தவரையும் ஆண்டையும் சரிபார்க்க வேண்டும். பழைய கொழும்புப் படங்களில் தெருவும் கட்டடமும் ரிக்‌ஷாவும் உண்டு. தெருவைக் கூட்டியவர் இருந்தாலும் விவரக்குறிப்பில் இருக்கமாட்டார். அந்தக் குறிப்பைத் திருத்தி, படத்தின் ஓரத்தில் நிற்பவர் என்ன வேலை செய்கிறார் என்று எழுதுவதும் நல்ல பங்களிப்பு. கொழும்புக்கு அறிக்கை எழுதிய அதே பட்ரிக் கெடிஸ், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் இந்தூர் நகரில் தீபாவளி ஊர்வலம் ஒன்றை ஒழுங்குசெய்தபோது, துப்புரவுத் தொழிலாளர் தூய வெள்ளை உடையோடும் அலங்கரித்த வண்டிகளோடும் அதில் நடந்துவந்தார்கள். நியூயோர்க்கில் ஜோர்ஜ் வாரிங் 1895இல் தெருச் சுத்திப் பொறுப்பை ஏற்றதும் தொழிலாளருக்கு வெள்ளைச் சீருடை கொடுத்து, மறு ஆண்டு நகரத் தெருக்களில் அணிவகுத்து நடக்க வைத்தார். அவர்களை ஊர் பார்க்க வேண்டும் என்று நினைத்த நிர்வாகிகளும் இருந்திருக்கிறார்கள் என்பதற்கு இவை சான்று. நகரத் திட்டமிடல் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இவற்றுக்கு இடம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சாதியை எழுதும் முறையில் எங்கள் குழு நீண்ட நேரம் செலவிட்டது; இன்னும் செலவிடுகிறது. சாதியை மறைத்தால் வரலாறு பொய்யாகிறது. கவனமின்றி எழுதினால், இன்று கணக்காளராகவும் தாதியாகவும் இருக்கும் ஒருவரின் குடும்பத்தின்மேல் பழைய முத்திரை மறுபடி குத்தப்படுகிறது. ஆகவே ஆட்சேர்ப்பு எந்தச் சமூகங்களைக் குறிவைத்தது என்பதை நிர்வாகத்தின் செயலாக எழுதுகிறோம். வாழும் எவருடைய பெயரையும், இன்றைய குடியிருப்பின் அடையாளத்தையும் எழுதுவதில்லை. வாழும் நபர்கள் பற்றிய விக்கிப்பீடியாவின் கண்டிப்பான கொள்கை இதற்குத் துணைநிற்கிறது. சட்டங்களையும் இதனோடு இணைக்க வேண்டும். இந்திய வம்சாவளியினர் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் தோட்டத் தொழிலாளரைப் பற்றிய கட்டுரைகளில் விரிவாகப் பேசப்படுகின்றன. நகரத்தைச் சுத்தம் செய்த இந்திய வம்சாவளியினரையும் அவை தொட்டன என்பது விடுபட்டுப்போகிறது. சாதியைக் காட்டிப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய, 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்துக்கும் இதே நிலை. இந்தியாவில் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 1993, 2013ஆம் ஆண்டுச் சட்டங்களையும், அந்தப் போராட்டத்துக்காக 2016இல் மகசேசே விருது பெற்ற பெசவாடா வில்சனையும் பற்றி எழுதும்போது, அதே சமூகங்களிலிருந்து கடல் கடந்து இலங்கைக்கு வந்தவர்களை நோக்கி ஓர் இணைப்பையாவது கொடுக்க வேண்டும்.

மொத்தத்தில், எழுதுவதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவையும், ஆய்வுகளை வாசிக்க விக்கிப்பீடியா நூலகத்தையும், மூல ஆவணத்துக்குத் தேசிய சுவடிக்கூடத்தையும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். இம்மூன்றில் ஒன்றை விட்டாலும் கட்டுரை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வாய்மொழிச் சான்றை வைப்பதற்கு இடம் தராத விதியில் மட்டும் எனக்கு நிறைவில்லை. தொழிலாளர் குடும்பங்களின் நினைவுகளைப் பதிவுசெய்து வெளியிடக்கூடிய இதழாசிரியர்கள் கொழும்பில் இருந்தால், அந்தக் குறையின் பெரும் பகுதியை விதி மாறாமலே நீக்க முடியும். புதிதாகத் தொடங்குபவர் தம் ஊரின் நகர சபை அல்லது மாநகர சபை பற்றிய கட்டுரையைத் திறந்து, அதில் சுத்திகரிப்பு வேலை செய்தவர்களைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் உரையாடல் பக்கத்தில் அதைக் குறித்துவிட்டு, தேட வேண்டிய ஆண்டுகளின் பட்டியலை எழுதிக்கொண்டு, அடையாள அட்டையோடு ஒரு வார நாளில் காலையிலேயே சுவடிக்கூடத்துக்குச் செல்வது நல்லது. ஆவணங்களைக் கேட்டுப் பெறுவதற்கு நேரம் எடுக்கும்.